வடித்த தண்ணீர்

எங்கள் முன்னால் இரண்டு சோதனைக் குழாய்கள் நின்றன. ஒன்றில் பச்சைத் தண்ணீர். இன்னொன்றில் அப்போதுதான் ஸ்பிரிட் விளக்கிலிருந்து இறக்கிய கொதிநீர். விரல் நீளத்துக்கு நறுக்கி, சாயம் இறங்குவது நிற்கும்வரை குழாயடியில் கழுவிய பீட்ரூட் துண்டுகளை இரண்டிலும் ஒவ்வொன்று போட்டோம்.

பச்சைத் தண்ணீர் லேசாக ரோஸ் நிறம் காட்டிவிட்டு அப்படியே நின்றுவிட்டது. கொதிநீர் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்தது. பத்து நிமிடத்தில் துண்டு வெளுத்துவிட்டது, தண்ணீர் கருஞ்சிவப்பாகிவிட்டது.

பக்கத்தில் நின்ற ஜோசபின், "ஐயே, ரத்தம் மாதிரி இருக்குடி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் சொல்தா வீட்டுப் பெண். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் துப்பாக்கி தூக்கியவர், பேத்திக்கு ரத்தம் என்றாலே மயக்கம். எனக்கோ அந்த வருடம் ரத்தம் பழகிப்போயிருந்தது. சனிக்கிழமை தோறும் என் அப்பாவின் ரத்தம் ரப்பர் குழாய் வழியாக வெளியே போய் மறுபடி உள்ளே வருவதை நாலு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பவள் நான்.

குழாயடிச் சண்டையைப் பற்றி எழுதிய போன வார அத்தியாயத்தைப் படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்ததாகச் சிலர் எழுதியிருக்கிறார்கள். சந்தோஷம். இந்த வாரம் சிரிக்க ஒன்றுமில்லை. சிரிக்க மட்டும்தான் படிப்பேன் என்பவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை.

கைதட்டு வாங்கியவள்

சுனாமி வந்துபோய் ஓரிரண்டு வருடம் இருக்கும். நான் பதினொன்றாம் வகுப்பு. பெண்கள் பள்ளி, தமிழ் மீடியம், உயிரியல் பிரிவு. ஆய்வகம் என்று எழுதியிருந்த அறையில் பாதி மேசைக்குக் கால் ஆடும். அதற்குள்தான் எங்கள் விஞ்ஞானம்.

பீட்ரூட்டுக்கு முந்தின வாரம் உருளைக்கிழங்கு. ஆளுக்கொரு பெரிய கிழங்கு கொண்டுவரச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் உருளைக்கிழங்கு தின்ன ஆளில்லாமல் கிடந்தது. அப்பாவுக்கு ஆகாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டதால் நாங்களும் நிறுத்திவிட்டோம். அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன்.

தோலைச் சீவி, நடுவில் குழி தோண்டி, குழிக்குள் சர்க்கரைக் கரைசல் ஊற்றி, கரைசல் நிற்கும் உயரத்தில் ஒரு குண்டூசி குத்தினோம். கிழங்கைத் தண்ணீர்க் கிண்ணத்தில் உட்கார வைத்துவிட்டுக் காத்திருந்தோம். மணி அடிக்கும் முன்னே கரைசல் குண்டூசிக்கு மேலே ஏறிவிட்டது. யாரும் ஊற்றவில்லை, யாரும் தொடவில்லை. வெளியே இருந்த தண்ணீர் கிழங்கின் சதையைக் கடந்து தானாக உள்ளே போயிருந்தது. இதுதான் சவ்வூடு பரவல் என்றார் உயிரியல் மிஸ்.

நான் எழுந்து நின்றேன். டயாலிசிஸ் மெஷினிலும் இந்த மாதிரிதான் மிஸ், ரத்தம் ஒரு பக்கம், மருந்துத் தண்ணீர் ஒரு பக்கம், நடுவில் சவ்வு, ரத்தத்தில் அதிகமாக இருக்கிற கழிவு குறைவாக இருக்கிற பக்கத்துக்குப் போய்விடும் என்றேன். அது விரவல், இது சவ்வூடு பரவல், இரண்டும் அண்ணன் தம்பி என்று மிஸ் திருத்திவிட்டு, எல்லோரையும் எனக்காகக் கைதட்டச் சொன்னார்.

அப்பன் ரத்தத்தை வைத்துக் கைதட்டு வாங்கினேன் பாருங்கள். அன்றைக்கு ஏறிய கர்வம் சாமான்யமாக இறங்கவில்லை.

முதுகுவலி மாத்திரை

அப்பா டெம்போ ஓட்டினார். நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுக்கு அடுத்த முனையில்தான் ஸ்டாண்டு. காலையில் உட்கார்ந்தால் இருட்டும்வரை அந்த இரும்பு சீட்டில்தான். முதுகுவலி வரும். மெடிக்கல் கடையில் போய் முதுகுவலிக்கு ஒன்று கொடு என்பார், அவனும் கொடுப்பான். இப்படி எத்தனை வருடம் விழுங்கினார் என்று அவருக்கே தெரியாது. முகம் வீங்கி, கால் வீங்கி, கடைசியில் இரண்டு சிறுநீரகமும் போன பிறகுதான் அந்த மாத்திரையின் பெயரே எங்களுக்குத் தெரிந்தது.

புதன், சனி டயாலிசிஸ். புதன்கிழமை சித்தப்பா கூட்டிப்போவார். சனிக்கிழமை நான். அம்மா முதல் நாளே அந்த மெஷினையும் ரத்தக் குழாயையும் பார்த்துவிட்டுக் கீழே விழுந்தவள், அதன் பிறகு ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதிக்கவில்லை. ஆகையால் அப்பா எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்று அங்கே சொல்வதெல்லாம் என் வாய் வழியாகத்தான் அம்மாவுக்கு வந்தது. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் அளந்துதான். உப்பு கிடையாது. பொட்டாசியம் என்று ஒன்று, அது ஏறினால் இதயம் நின்றுவிடும் என்று அங்கிருந்த நர்ஸ் அக்கா சொன்னார். கீரை, தக்காளி, வாழைப்பழம், இளநீர் எதுவும் தொடக்கூடாது. மற்ற காய்களைக்கூட அப்படியே கொடுக்கக் கூடாது.

"பொடிசா நறுக்கி, நெறைய தண்ணியில வேகவச்சி, தண்ணிய கீழ ஊத்திட்டு காய மட்டும் குடுங்க. அம்மாகிட்ட இப்பிடியே சொல்லு. வேற ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றார்.

அம்மாவின் அடுப்படி

அம்மா பாகூர்ப் பக்கம். நிலமில்லாத விவசாயக் குடும்பம். ஏழு பிள்ளைகள் இருந்த வீட்டில் வடித்த கஞ்சியில்தான் வளர்ந்ததாகச் சொல்வாள். சோறு அண்ணன்மாருக்கு, கஞ்சி இவளுக்கு. அந்தக் கஞ்சியில்தான் சத்து, அதனால்தான் அண்ணன்மார் நோஞ்சான், நான் திடம் என்று பெருமை வேறு.

எங்கள் அடுப்படியிலிருந்து எதுவும் சாக்கடைக்குப் போகாது. அரிசி கழுவிய தண்ணீர் எதிர்வீட்டு மாட்டுக்கு. வடித்த கஞ்சி எங்களுக்கு. கொள்ளு வேகவைத்த தண்ணீர் ரசத்துக்கு. முருங்கைக்கீரையின் காம்பைக்கூடத் தட்டிப் போட்டுச் சாறு வைத்துவிடுவாள். "ஒங்கம்மா இருக்கிற வரைக்கும் நம்ம வூட்டு சாக்கட பட்டினிதான்" என்று அப்பா கிண்டல் செய்வார்.

பீட்ரூட் சோதனை நடந்த அன்று சாயங்காலம் பையை எறிந்துவிட்டு நேரே அடுப்படிக்குப் போனேன். காயை அப்படி வேகவைத்தால் சத்தெல்லாம் போய்விடாதா என்று அம்மா இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நர்ஸ் அக்கா சொன்னதை அப்படியே ஒப்பித்திருந்தால் அரை நிமிட வேலை. நான்தான் வகுப்பில் கைதட்டு வாங்கியவளாயிற்றே. கண்ணாடி டம்ளரில் சுடுதண்ணீர் ஊற்றி, ஒரு பீட்ரூட்டை நறுக்கிப் போட்டு, அம்மாவுக்குப் பாடம் எடுத்தேன். செல் என்றேன், சவ்வு என்றேன், பொட்டாசியம் என்றேன். அவள் தலையாட்டினாள்.

தண்ணீர் சிவந்ததும் டம்ளரைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள்.

"காயில இருக்கிறதெல்லாம் இதுக்குள்ள வந்துடுச்சா?"

"எல்லாம் வந்துடுச்சும்மா. இனிமே காயி வெறும் சக்க. அத சாப்ட்டா அப்பாவுக்கு ஒண்ணும் ஆவாது. தண்ணிய வடிச்சிட்டு காய மட்டும் குடு."

"சரி."

மறுநாளிலிருந்து அம்மா நான் சொன்னபடியே செய்தாள். சுரைக்காயோ கேரட்டோ, பொடியாக நறுக்கி, பெரிய குண்டானில் வேகவைத்து, வடித்துவிட்டு, அப்பாவுக்கு வெளுத்த காயை வைத்தாள். நான் போய்க் குண்டானை எட்டிப் பார்ப்பேன். எல்லாம் சரியாக நடந்துகொண்டிருந்தது.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்களே, அப்பாவுக்குச் சாப்பாடே தண்டனையாகிவிட்டது. அந்தச் சக்கையை வாயில் வைத்தாலே முகம் கோணும். ஆனால் தினமும் மதியம் அம்மா ஒரு ரசம் வைத்தாள். தக்காளி இல்லாமல், உப்பு இல்லாமல், மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு. அளந்து வைத்த தண்ணீர்க் கணக்கில் ஒரு டம்ளரை அதற்கென்றே ஒதுக்கியிருந்தாள். சனிக்கிழமைகளில் அதைக் கேரியரில் ஊற்றி என்னிடம் கொடுத்தனுப்புவாள்.

இளநீர்

ஏழெட்டு வாரம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை. மெஷினிலிருந்து கழற்றிவிட்டார்கள். அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கேரியரைத் திறந்து ரசத்தை ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார்.

"இது ஒண்ணுதான் பாப்பா வாய்க்கு நல்லாருக்குது" என்றார்.

நர்ஸ் அக்கா காலையில் எடுத்த ரத்தத்தின் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்தார். முகம் சரியில்லை. என்னைத் தனியே கூப்பிட்டார். பொட்டாசியம் வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போகிறது, வீட்டில் என்னதான் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். காய் வேகவைத்துத்தான் கொடுக்கிறோம், நானே பார்க்கிறேன் என்றேன். "அப்ப அவரே வெளிய எதனா சாப்புடுறாரு. இளநியா இருக்கும். கிட்னிக்கு நல்லதுன்னு யாராவது வாங்கிக் குடுப்பாங்க" என்றார்.

அது போதும் எனக்கு. கிட்னிக்கு இளநீர் நல்லது என்று எங்கள் தெருவில் சொல்லாத ஆளில்லை. டெம்போ ஸ்டாண்டுக்கு எதிரிலேயே முனுசாமியின் இளநீர் வண்டி நிற்கும். வண்டி ஓட்ட முடியாவிட்டாலும் சாயங்காலம் அப்பா ஸ்டாண்டில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். எல்லாம் பொருந்திவிட்டது. விஞ்ஞானி கண்டுபிடித்துவிட்டாள்.

திரும்பிவரும்போது ஆட்டோவிலேயே ஆரம்பித்தேன். இளநீர் குடிக்கிறாயா என்று கேட்டேன். இல்லை என்றார். பொய் சொல்லாதே என்றேன்.

"நான் தொடவே இல்ல பாப்பா. ஒம் மேல ஆணையா."

"எம் மேல ஆணை வேற போடறியா? அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் அல்லாடிக்கினு இருக்கோம், நீ நோவாம போயி இளநி குடிச்சிட்டு வர்ற. சாவணும்னா சொல்லிட்டு சாவு."

பதினாறு வயதுப் பெண் சொன்ன வார்த்தை இது. சொன்னது நான்தான், இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. அப்பா முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார். உப்பளத்துப் பக்கம் ஏதோ கட்சி ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஞாயிறும் திங்களும் நான் அவரோடு பேசவில்லை. அவர் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. வாசற்படியில், நான் எங்கிருந்து பார்த்தாலும் கண்ணில் படுகிற இடத்தில், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் பார்க்க வேண்டும் என்றுதான் அங்கே உட்கார்ந்திருந்தார். எனக்கு அது அப்போது புரிந்தது. புரிந்தும் பேசவில்லை. எவ்வளவு நெஞ்சழுத்தம் எனக்கு.

செவ்வாய்க்கிழமை

மதியம் ஆய்வகத்தில் இருந்தேன். வயலட் நிறப் பெர்மாங்கனேட் படிகத்தைத் தண்ணீரில் போட்டு அது விரவுவதைப் படம் வரைய வேண்டும். பாட்டில் மேல் பொட்டாசியம் என்று எழுதியிருந்தது. அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே சித்தப்பா வந்து வாசலில் நின்றார். செருப்பில்லாமல் வந்திருந்தார்.

கை காலெல்லாம் மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்று அப்பா சொன்னாராம். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து படுத்தாராம். அம்மா ஏனம் துலக்கிவிட்டு வந்து பார்த்தபோது முடிந்துவிட்டிருந்தது.

கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சொந்தக்காரர்கள் அம்மாவைச் சுற்றி, நன்றாகத்தானே இருந்தான், எப்படிப் போனான் என்று கேட்டு அழுதார்கள். நான் சொன்னேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். ஆஸ்பத்திரியில் எச்சரித்தும் கேட்காமல் திருட்டுத்தனமாக இளநீர் குடித்துக் குடித்தே போய்விட்டார் என்று.

அவ்வளவுதான், அது ஊர்ப்பேச்சாகிவிட்டது. மாலையோடு வந்த முனுசாமியை அம்மா வாசலிலேயே மறித்து மண்ணை வாரித் தூற்றினாள். அந்த மனுஷன் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்கிட்ட அவுரு வாங்கவே இல்ல தாயி, குடுத்தாலும் வேணாம்னுடுவாரு, எம் பொண்ணு திட்டும்னு சொல்லுவாரு" என்று நின்றார். யாரும் நம்பவில்லை. நானும்தான். அதற்குப் பிறகு அவர் வண்டி அந்த முனையில் நிற்கவில்லை.

ரெக்கார்டு நோட்டு

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பள்ளிக்குப் போனேன். மறுநாளே ரெக்கார்டு நோட்டு வைக்க வேண்டும் என்றார்கள். ஜோசபின் தன்னுடையதைக் கொடுத்தாள். வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்படித் தரையில் உட்கார்ந்து, விட்டுப்போன சோதனைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினேன். அம்மா அடுப்பில் எதையோ வைத்திருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ளாத நாட்கள் அவை.

உருளைக்கிழங்கு முடித்து பீட்ரூட்டுக்கு வந்தேன். நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை. வெப்பத்தால் செல் சவ்வு சிதைகிறது, செல்லின் உள்ளிருக்கும் பொருட்கள் நீருக்குள் விரவுகின்றன என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

அம்மா குண்டானை இறக்கினாள். சுரைக்காய். பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில். அப்பா இல்லை, இருந்தும் கை அப்படியே பழகிவிட்டிருந்தது. தட்டைப் போட்டுச் சாய்த்து, தண்ணீரை ஒரு சட்டியில் வடித்தாள். காயை ஓரமாக வைத்தாள். சட்டியை அடுப்பில் ஏற்றினாள். கொஞ்சம் புளி, தட்டிய மிளகு, பூண்டு.

பேனா நின்றுவிட்டது.

"அந்தத் தண்ணிய என்னாம்மா பண்ற?"

"ரசம் வெக்கிறேன்."

"எப்பவுமே இதுலதான் வெப்பியா? அப்பாவுக்கும்?"

அம்மா என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "பின்ன? நீதான காட்டுன, காயில இருக்கிறதெல்லாம் தண்ணிக்கு வந்துடுது, காயி வெறும் சக்கன்னு. சீக்காளி மனுசனுக்கு சக்கைய போட்டா ஒடம்பு தாங்குமா? இளநிய குடிச்சி அவுரு கெட்டாரு. நான் எங் கையால ஒரு நாளு கூட இத கீழ ஊத்தல."

டயாலிசிஸ் மெஷின் நாலு மணி நேரம் உறிஞ்சி எடுத்ததை நாங்கள் டம்ளர் டம்ளராகத் திருப்பி ஊற்றியிருக்கிறோம். சனிக்கிழமை டம்ளர் என் கையால். கீழே ஊற்றிவிடு என்ற ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டு, பாக்கி விஞ்ஞானம் முழுவதையும் அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறேன்.

ரசம் மட்டும்தான் காரணமா என்று பின்னாளில் ஒரு டாக்டரிடம் கேட்டிருக்கிறேன். அப்படித் தீர்த்துச் சொல்ல முடியாது, அந்த வியாதியே அப்படி என்றார். நல்ல மனிதர். அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

அப்பா இளநீர் குடிக்கவில்லை. இதை எழுதத்தான் இந்த அத்தியாயம். இத்தனை வருடமாக எங்கள் சொந்தத்தில், கல்யாண வீட்டில், சாவு வீட்டில், இளநீர் குடித்துச் செத்தவன் என்றுதான் அவர் பெயர் அடிபட்டது. நான் மறுத்திருந்தால், அப்படியானால் வேறு என்ன என்று யாராவது கேட்டிருப்பார்கள். பக்கத்தில் அம்மா இருப்பாள். போன தை மாதம் அம்மாவும் போய்விட்டாள். இனிமேல் யாரும் கேட்கலாம். முனுசாமி எங்கேயாவது இருந்து இதைப் படித்தாலோ, யாராவது படித்துச் சொன்னாலோ, அவர் என்னை மன்னிக்க வேண்டும்.

அன்றைக்கு, அடுப்படியில், அம்மா திரும்பவும் என் முகத்தைப் பார்த்தாள். ஏன் இப்படிப் பார்க்கிறாய், ஏதாவது தப்பா என்று கேட்டாள். அவள் கையில் கரண்டி இருந்தது. கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றாள்.

ஒன்றுமில்லை, பசிக்கிறது என்றேன்.

நோட்டை மூடி வைத்தேன். அம்மா தட்டில் சோற்றைப் போட்டு ரசத்தை ஊற்றினாள். நான் பிசைந்து சாப்பிட்டேன். எதிரே உட்கார்ந்து, நன்றாக இருக்கிறதா என்று கேட்டாள். அப்பா சொன்னது சரிதான், நன்றாகத்தான் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்றேன்.